2 கிலோ யாருக்கு? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயதுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன், பகல் முழுக்க நின்றபடி வேலை. டாக்டர் சொன்னதால் வீட்டுப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மாஸ்டர் எல்லாப் பயிற்சிக்கும் 2 கிலோ டம்பெல்லையே கொடுத்து 25 தடவை செய்யச் சொல்கிறார். "லேடீஸுக்கு இது போதுங்க, மேல போனா கையெல்லாம் ஆம்பள மாதிரி ஆயிரும்" என்கிறார். கோபியில் இருக்கும் என் தங்கச்சி மொபைலில் பார்த்துவிட்டு, நல்ல கனமாக எடுத்து அஞ்சே அஞ்சு தடவை செய்யணும் என்கிறாள். மாமியாரோ, கனம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுகிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? வீட்டிலும் ஒரு ஜோடி டம்பெல் வாங்கி வைக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை கிலோவில் வாங்கட்டும்?

ஒரு வாசகி,
திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாஸ்டர் சொல்வது ஓரிரு பயிற்சிகளுக்குச் சரி. கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கும் பயிற்சிக்குப் புதிதாக வருபவருக்கு 2 கிலோ தாராளம். பலருக்குப் பத்தாவது தடவையிலேயே கை நடுங்கிவிடும். அதே 2 கிலோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்தால் தொடைக்கு அது உறைக்கவே உறைக்காது. உங்கள் முழு உடம்பையும் நாளெல்லாம் தாங்கி நிற்கிற தசை அது. அதனால் பெண்களுக்கு எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள், இந்தப் பயிற்சிக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

எடையைத் தேர்ந்தெடுக்கும் முன் எண்ணிக்கையை முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு 8 முதல் 12 வரை போதும். இதில் மாயம் எதுவும் இல்லை. தசை களைக்கும் அளவுக்குக் கிட்டப் போனால் 6 தடவையிலும் வளரும், 25 தடவையிலும் வளரும். ஆனால் 25 எண்ணும்போது தசை களைப்பதற்கு முன்பே மூச்சு வாங்கி, சலித்துப்போய்க் கீழே வைத்துவிடுவோம். தங்கச்சி சொல்லும் 5 தடவைக்கு எடை அதிகம் வேண்டும். அசைவு இன்னும் படியாத உடம்பில் அந்தக் கனத்தோடு ஒரு தப்பு நடந்தால் முதுகுதான் வாங்கும். 8-12 என்றால் கனமும் இருக்கும், அசைவைப் பழகவும் போதுமான தடவைகள் கிடைக்கும்.

இனி எடையைக் கண்டுபிடிப்போம். குறைவு என்று தோன்றும் எடையை எடுத்து 10 தடவை செய்யுங்கள். முடித்ததும், இன்னும் எத்தனை தடவை ஒழுங்காகச் செய்திருக்க முடியும் என்று உங்களையே கேளுங்கள். ஏழெட்டு என்றால் எடை போதாது. இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு அடுத்த எடைக்குப் போங்கள். இரண்டு அல்லது மூன்று என்றால் அதுதான் உங்கள் எடை, நோட்டில் குறித்துவிடுங்கள். ஒன்றுகூட முடியாது என்றால் ஒரு படி இறங்குங்கள். இதற்கு வெளியே தெரியும் அடையாளம் வேகம். நீங்கள் வேகமாகத் தூக்க நினைத்தும் கடைசி இரண்டு தடவை தானாகவே மெதுவாக ஏற வேண்டும். முதல் தடவை ஏறிய வேகத்திலேயே பத்தாவதும் ஏறினால் அந்த எடை உங்களுக்கு வேலை கொடுக்கவில்லை.

புதிதாக வருபவர்கள் இந்தக் கணக்கில் தவறுவது பெரும்பாலும் ஒரே பக்கம்தான். இரண்டுதான் மிச்சம் என்று நினைக்கும் இடத்தில் உண்மையில் ஆறுகூட மிச்சம் இருக்கலாம். எரிச்சல் தொடங்கியதையே முடிவு என்று எடுத்துக்கொள்கிறோம். மாதம் ஒரு முறை, விழுந்து நசுங்க வழியில்லாத மெஷினில், மேலிருந்து கம்பியை இழுக்கும் புல்டவுன் மாதிரி ஒன்றில், கடைசி செட்டை (இடையில் நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் 8-12 தடவை ஒரு செட்) முடியவே முடியாது என்னும் வரை செய்து பாருங்கள். உங்கள் எல்லை எங்கே என்று அப்போது தெரியும். பிளேட் மாட்டும் நீளக் கம்பியான ராடைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்யும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

தொடக்கத்துக்குக் குத்துமதிப்பாகச் சொல்கிறேன். டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துச் செய்யும் ஸ்குவாட்டுக்கு 5 முதல் 7.5 கிலோ. இடுப்பை மடக்கிக் குனிந்து நிமிரும் டெட்லிஃப்டுக்குக் கைக்கு 5. முதுகுக்கு இழுக்கும் ரோயிங்குக்கும் படுத்து நெஞ்சுக்குத் தள்ளுவதற்கும் கைக்கு 3 முதல் 5. தலைக்கு மேல் தள்ள 2 முதல் 3. பலத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உள்ள வித்தியாசம் காலைவிடக் கையிலும் தோளிலும்தான் அதிகம், அதனால் அங்கே எடை மெதுவாகத்தான் ஏறும். மெஷினில் எழுதியிருக்கும் எண்ணை ஒரு ஜிம்மிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே கப்பி அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து 20 என்று எழுதியது கைக்குப் பத்தாகவே வரலாம். ராடும் அப்படித்தான். போட்டி ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. நம் ஊர் ஜிம்களில் கிடக்கும் மெலிந்த ராடுகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ராடைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டுச் செய்யுங்கள். 2 கிலோவை விட்டு இந்தப் புதிய எடைகளுக்கு மாறிய முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு செட் மட்டும், அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று. எடுத்த எடுப்பில் மூன்று செட் போட்டால் மறுநாளைவிட மூன்றாம் நாள்தான் படி இறங்க முடியாமல் தொடை பிடித்துக்கொள்ளும். கம்பெனியில் நின்று வேலை பார்ப்பவருக்கு அது பெரிய தண்டனை. ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளில் எடையைக் குறைக்க வேண்டாம், ஒரு செட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கூட்டும் இடத்தில்தான் நம் ஜிம்கள் பெண்களைக் கைவிடுகின்றன. ஸ்டாண்டில் 2.5, அடுத்து 5, அடுத்து 7.5 என்றுதான் இருக்கும். 20-லிருந்து 22.5-க்குப் போகிற ஆணுக்கு எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. 2.5-லிருந்து 5-க்குப் போகிற உங்களுக்கு ஒரேயடியாக இரட்டிப்பு. மூன்று செட்டிலும் 12 வந்ததும் அடுத்த எடை என்பது பொது விதி. கால் பயிற்சிக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்கும் கைக்கும் 12-ல் நிற்காமல் 18 வரை போங்கள், பிறகு மாறுங்கள். மாறியதும் 6 தடவைதான் வந்தால் பயப்பட வேண்டாம், அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம். இரண்டு எடைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப இன்னொரு வழியும் உண்டு. அதே எடையை இறக்கும்போது மனசுக்குள் மூன்று எண்ணி இறக்குங்கள்.

சித்திரை வெயிலில் தொடையும் முதுகும் களைப்பதற்கு முன்பே வியர்வையில் கைப்பிடி வழுக்கும். அப்போது எடையைக் குறைக்கத் தேவையில்லை, துண்டு வைத்துத் துடைத்துப் பிடியுங்கள். டெட்லிஃப்டில் கீழ்முதுகு மட்டும் பிடித்து இழுத்தால், பெரும்பாலும் இடுப்பு பின்னால் போகாமல் முதுகு வளைகிறது என்று அர்த்தம். எடையை இறக்கி அசைவைச் சரிசெய்யுங்கள். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அந்தப் பயிற்சி போதும். இன்னொன்று, தசை களைக்கும் முன்பே ஒவ்வொரு செட்டிலும் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எடையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கை ஆம்பளை மாதிரி ஆகுமா? தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு ஆண்களில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு ஒரே தூக்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். அவர் படத்தை மாஸ்டரிடம் காட்டுங்கள்.

மாமியாரின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், அதில் ஒரு துளி உண்மை உண்டு. மூச்சைக் கட்டி வயிற்றை முக்கித் தூக்கினால் கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளில் அழுத்தம் ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். தும்மும்போது சிறுநீர் கசிவது, கீழே ஏதோ இறங்கி அடைப்பது போன்ற உணர்வு, அண்மையில் சிசேரியன் அல்லது கர்ப்பப்பை ஆபரேஷன், இதில் எது இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒன்றும் இல்லை என்றால், சமையலறையில் நீங்கள் நகர்த்துகிற நிறைந்த கேஸ் சிலிண்டரே 30 கிலோ வரும் என்று அத்தையிடம் சொல்லலாம். 14.2 கிலோ கேஸ், மிச்சம் இரும்பு.

வீட்டுக்கு வாங்கும்போது கலர் பூசிய 2 கிலோ ஜோடியை வாங்காதீர்கள், கால் பயிற்சிக்கு அது இப்போதே போதாது. பிளேட் மாட்டிக் கழற்றும் குட்டி ராடு இரண்டு, 1.25 கிலோ பிளேட் எட்டு, 2.5 கிலோ பிளேட் நான்கு வாங்குங்கள். கடையில் 1.25-ஐ எடுத்துக் காட்டாமல் 5 கிலோ பிளேட்டைத் தள்ளப் பார்ப்பார்கள், விடாமல் கேளுங்கள். முடிந்தால் 1 கிலோ பிளேட்டும் நான்கு சேர்த்துக்கொள்ளுங்கள், தோளுக்கு உதவும். பிளேட் கழலாமல் பிடிக்கும் லாக், மரை போட்டுத் திருகும் வகையாக இருக்கட்டும். ஸ்பிரிங் கிளிப் நாளாக ஆகத் தளர்ந்து, தலைக்கு மேல் தூக்கும்போது பிளேட் நழுவும்.