டவாரெஸ்: பதினொரு மில்லியன் சென்ரரா, இரண்டாவது சென்ரரா?

போன இதழில் ஐஸ் ஹொக்கி சென்ரர் (முன்வரிசையில் நடுவில் ஆடுபவர்) ஜோன் டவாரெஸ் பற்றி ஒரு சின்னப் பதில் எழுதியிருந்தேன். ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அவரை மேலும் 4 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 4.38 மில்லியன் டொலருக்கு எடுத்தது நல்ல வேலை என்று. அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன, பாதி கோபம், பாதி உண்மையான கேள்விகள். அதனால் இந்த இதழ் முழுக்க அவர் பற்றியே.

கேள்வி (ஸ்காபரோ): ஏழு வருடத்தில் 77 மில்லியன் வாங்கினார். கோப்பை வரவில்லை. இப்போது சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதும் நல்லவராகிவிட்டாரா?

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறீர்கள். முதலாவது, டவாரெஸ் நல்ல சென்ரரா? இரண்டாவது, அவருக்குக் கொடுத்த விலை சரியா? முதலாவதுக்கு அவர் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு அந்த விலையை எழுதிக் கையெழுத்து வைத்த நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும்.

2018 யூலை 1 இல் அவர் வந்தபோது ஓர் அணி தன் வீரர் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 79.5 மில்லியன். அதில் 11 மில்லியன் என்பது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. உச்சவரம்பு ஒவ்வொரு வருடமும் ஏறும், இரண்டு மூன்று வருடத்தில் இந்த 11 பெரிதாகத் தெரியாது என்றுதான் அப்போது எல்லோரும் கணக்குப் போட்டார்கள். பிறகு கொரோனா வந்தது, மைதானங்கள் பூட்டப்பட்டன, உச்சவரம்பு 81.5 இல் மூன்று பருவங்கள் அசையாமல் நின்றது. அதற்குள் லீவ்ஸின் மற்ற முன்வரிசை நட்சத்திரங்களான மத்தியூஸுக்கு 11.6, மார்னருக்கு 10.9, நீலாண்டருக்கு ஏறக்குறைய 7 என்று எழுதியாகிவிட்டது. டவாரெஸோடு சேர்த்து நான்கு பேருக்கு மட்டும் 40 மில்லியனுக்கு மேல், அதாவது மொத்தக் காசில் பாதி. மிச்சப் பாதியில் கோலி (வலை காப்பவர்), பின்வரிசை, மூன்றாவது நான்காவது வரிசை எல்லாம் வாங்க வேண்டும். அங்கேதான் அணி மெலிந்தது. அதற்கு டவாரெஸ் ஒருவரை மட்டும் கைகாட்டுவது நியாயமே இல்லை.

விளையாட்டுக்கு வருவோம். முதல் பருவத்தில் 47 கோல், அவர் வாழ்நாளில் அதுதான் அதிகம். 2024-25 இல், 34 வயதில், 75 ஆட்டங்களில் 38 கோல், கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து மொத்தம் 74 புள்ளி. அந்தப் பருவத்தில் அணியில் அவரை விடக் கூடுதலாகக் கோல் போட்டவர் நீலாண்டர் மட்டும்தான், மத்தியூஸ்கூட 33 தான்.

கோப்பை வரவில்லை, உண்மை. 1967 இல் இருந்து வரவில்லை, அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் 2004 க்குப் பிறகு லீவ்ஸ் பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஒரு பிளேஓஃப் தொடரை வென்ற அந்த இரவை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் 29, ரம்பாவில் ஆறாவது ஆட்டம், 1-1, மேலதிக நேரம். டவாரெஸ் வலைக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அடித்தார், எதிரணிக்காரரின் ஸ்கேற்றில் பட்டு உள்ளே போனது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 இல் அவருடைய முந்தைய அணியான நியூ யோர்க் ஐலண்டர்ஸ் 23 வருடங்களுக்குப் பிறகு ஒரு தொடரை வென்றதும் இவருடைய கோலால்தான், அதுவும் ஆறாவது ஆட்டம், அதுவும் மேலதிக நேரம், அதுவும் 2-1. அந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் சமப்படுத்தியதும் அவரே. பெரிய ஆட்டத்தில் காணாமல் போகிறவர் என்று எழுதியிருந்த வாசகருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி (ஏஜக்ஸ்): என் மகனுக்குப் பதினொரு வயது. சென்ரர்தான் விளையாடுவேன் என்று நிற்கிறான், பயிற்சியாளர் விங்கில் விடுகிறார். எனக்கு வித்தியாசமே விளங்கவில்லை. சென்ரர் என்றால் அப்படி என்ன?

அம்மா, இந்தக் கேள்விக்கு நன்றி. கோபக் கடிதம் எழுதிய பலருக்கும் இதுதான் முதலில் விளங்க வேண்டும்.

விங்கில் நிற்பவருக்கு ஒரு பக்கம் உண்டு, ஓரப் பலகையோடு சேர்ந்த ஒரு பாதை. சென்ரருக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. பக் (ஐஸில் தடியால் அடிக்கிற வட்டத் தட்டு) எதிரணியிடம் போனால், முன்னால் ஆடுகிற மூவரில் முதலில் பின்னால் ஓடி வர வேண்டியவர் அவர். சொந்த வலைக்கு முன்னால் இரண்டு பின்வரிசைக்காரருக்கு மூன்றாவது ஆளாக நிற்க வேண்டும். அங்கே பக் கிடைத்தால் நடுவால் சுழன்று வந்து அதை வாங்கி மேலே கொண்டு போக வேண்டும், மேலே போனதும் வலைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிடம்தான் ஐஸில் நிற்பார்கள், அந்த முக்கால் நிமிடத்தில் அதிக தூரம் ஓடுவது பெரும்பாலும் சென்ரர்தான்.

பிறகு ஃபேஸ் ஓஃப். நடுவர் பக்கைக் கீழே போடும்போது இரண்டு பேர் குனிந்து நிற்பார்களே, அதில் ஒருவர் சென்ரர். அதை வென்றால் பக் நம்முடையது, தோற்றால் துரத்திக்கொண்டு திரிய வேண்டும். டவாரெஸ் இதில் கெட்டிக்காரர், பாதிக்கு நன்றாகவே மேல் வெல்கிறவர். எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கிற பவர் பிளே தொடங்கும்போது இது பெரிய விசயம். கிடைப்பது இரண்டே நிமிடம், முதல் ஃபேஸ் ஓஃப் தோற்றால் பக்கைத் தங்கள் பக்கத்தில் இருந்து திரும்ப எடுத்து வரவே இருபது செக்கன் போய்விடும்.

உங்கள் மகனை விங்கில் விடுவது தண்டனை இல்லை. ஆனால் அவன் பின்னால் ஓடி வருவதை விரும்புகிறானா என்று ஒரு நாள் கவனியுங்கள். கோல் போடுவதற்காக மட்டும் சென்ரர் கேட்கிறான் என்றால் பயிற்சியாளர் சொல்வது சரி. பின்னாலும் ஓடி வருகிறான் என்றால் நீங்களே போய்ப் பயிற்சியாளரிடம் கதையுங்கள்.

கேள்வி (மார்க்கம்): டவாரெஸ் வந்ததால்தானே நஸீம் காட்ரி போனார்? காட்ரி 2022 இல் கொலராடோவோடு கோப்பை தூக்கினார். 4.5 மில்லியன் ஆளை அனுப்பிவிட்டு 11 மில்லியன் ஆளை வைத்திருந்தது பிழை இல்லையா?

இதுதான் வந்ததிலேயே கனமான கேள்வி, இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

காட்ரி லீவ்ஸில் தொடர்ந்து இரண்டு பருவம் 32 கோல் போட்டவர். டவாரெஸ் வந்ததும் மூன்றாவது வரிசையின் சென்ரராக இறங்கினார், நேரம் குறைந்தது, கோல் 16 ஆனது. 2019 இல் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை மறக்கக் கூடாது. 2018, 2019 இரண்டு வருடமும் பொஸ்ரனுக்கு எதிரான தொடரில் தடை வாங்கி அணியை நடுவில் விட்டுவிட்டார். கொலராடோ போன பிறகும் 2021 இல் எட்டு ஆட்டத் தடை. அடுத்த வருடம் தன்னைத் திருத்திக்கொண்டு 87 புள்ளி எடுத்தார், கைவிரல் சத்திரசிகிச்சையோடு இறுதித் தொடரில் வந்து மேலதிக நேரத்தில் கோல் போட்டார். அந்தக் கோலுக்கு நான் வீட்டில் எழுந்து நின்று கை தட்டினேன்.

என் கருத்து இது. மூன்று நல்ல சென்ரர் இருப்பது வீண் செலவு என்று நிர்வாகம் நினைத்தது, அதுதான் பிழை. மத்தியூஸ், டவாரெஸ், காட்ரி என்று இறங்கியிருந்தால் எதிரணிப் பயிற்சியாளருக்கு ஒளிய இடமே இருந்திருக்காது. அதற்குப் பிறகு அந்த மூன்றாவது இடத்துக்கு கெர்ஃபுட், ஓ'ரைலி, டோமி, லோட்டன் என்று ஆள் தேடுவது இன்னும் நிற்கவில்லை. காட்ரியை அனுப்பியது பிழை என்று சொல்ல, டவாரெஸை எடுத்ததும் பிழை என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (பிரம்டன்): ஸ்கேற்றிங் மெதுவாகிவிட்டது, விங்குக்கு மாற்ற வேண்டும் என்று நீங்களே முன்பு எழுதினீர்களே?

எழுதினேன். 2023-24 முடிந்தபோது. அந்தப் பருவம் 29 கோல், இரண்டு பக்கமும் ஐந்து பேர் சமமாக நிற்கும்போது அவர் வரிசை தடுமாறியது, நடு ஐஸில் இளம் பெடியன்கள் அவரைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு எழுதினேன். அடுத்த பருவமே 38 கோல் போட்டு அதைப் பிழையாக்கிவிட்டார்.

நான் பார்க்கத் தவறியது என்ன என்று பிறகு யோசித்தேன். அவர் ஆட்டம் எப்போதும் வேகத்தில் நின்றது கிடையாது. வலையில் இருந்து ஐந்தாறு அடிக்குள், முதுகில் ஒரு ஆள் தள்ளிக்கொண்டு நிற்க, கீழே பார்க்காமலே தடியின் நுனியால் பக்கின் திசையை மாற்றுகிற வேலை அது. பவர் பிளேயில் அவர் அங்கே நிற்பதால்தான் கோலிக்கு மத்தியூஸின் அடி தெரிவதில்லை. புள்ளி விபரத்தில் இதற்கு ஒரு எண்ணும் விழாது. கூடவே நீலாண்டர் போன்ற வேகமான ஆள் விங்கில் இருந்தால் பக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர் பாடு, டவாரெஸ் நேராக வலைக்குப் போகலாம். எதிரணி தன் சிறந்த பின்வரிசையை மத்தியூஸுக்கு எதிராக இறக்கும்போது இந்த இருவருக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். இரண்டாவது சென்ரரின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

கேள்வி (மிசிசாகா): 2024 இல் தலைவர் பதவியை மத்தியூஸிடம் கொடுத்தது அவமானம் இல்லையா? எங்கள் ஊர்ப் பிள்ளை என்பதால் கேட்கிறேன்.

மத்தியூஸ் தலைவராக அறிவிக்கப்பட்டபோது அதே மேடையில் இவரும் இருந்தார். அதன் பிறகு வந்த பருவம்தான் அந்த 38 கோல். அவமானப்பட்ட மனிதர் அப்படி விளையாடுவாரா? தலைவராக ஐந்து பருவம் இருந்தார். 2021 மே மாதம் மொன்றியலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகும்போது பெருவிரலை உயர்த்திக் காட்டினாரே, அதைப் பார்த்தவர்கள் யாரும் அவரைத் தலைவர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்தத் தொடரை 3-1 என்று முன்னால் நின்றுவிட்டுத் தோற்றோம். அவர் ஒரு ஆட்டத்துக்குக்கூடத் திரும்பி வர முடியவில்லை. இரண்டாவது சென்ரர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்த ஏழு ஆட்டங்களைத்தான் காட்டுவேன்.

கேள்வி (பிக்கரிங்): சரி, 2029 வரை தாங்குவாரா?

ஒப்பந்தம் முடியும்போது 38 வயது. நான்கு வருடமும் இதே மாதிரி 38 கோல் வரும் என்று நான் சொல்ல மாட்டேன், வராது. ஆனால் 2025-26 இல் உச்சவரம்பு 95.5 மில்லியன், அதில் 4.38 என்பது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த பருவத்தில் உச்சவரம்பு 104, அதற்கும் அடுத்ததில் 113.5 என்று லீக் ஏற்கெனவே அறிவித்துவிட்டது. 20 கோலும் ஒரு நல்ல பவர் பிளேயும் ஃபேஸ் ஓஃப்பும் தந்தாலே கொடுத்த காசுக்குக் காணும்.

எனக்குள்ள ஒரே பயம் வேறு. மார்னர் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். அந்த இடத்தை நிரப்ப நீலாண்டரை மத்தியூஸோடு போட்டுவிட்டு, டவாரெஸின் இரண்டு பக்கமும் மெதுவான ஆட்களைப் பயிற்சியாளர் வைத்தால், ஜனவரியில் நீங்கள் எல்லோரும் மறுபடி எனக்குக் கோபமாக எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் எழுத முதல், அன்று அவருக்குப் பக்கத்தில் யார் விளையாடியது என்று ஒரு தடவை பாருங்கள்.