நகையை வைத்து மெழுகுவர்த்திக் கடை போடலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே சோயா மெழுகில் வாசனை மெழுகுவர்த்தி செய்கிறேன். சிறு கண்ணாடிக் குவளைக்குள் வைத்து ஏற்றும் ‘வோட்டிவ்’ வகைதான் அதிகம்; திரியில்லாமல், வாசனைக்காக பர்னர் என்கிற சூடேற்றும் கிண்ணத்தில் வைத்து உருக்கும் ‘வாக்ஸ் டார்ட்’ கொஞ்சம். வோட்டிவ் ஒன்றுக்கு 50 கிராம் மெழுகு 15 ரூபாய், வாசனை எண்ணெய் 4 கிராம் 8 ரூபாய், திரி 2 ரூபாய், ஆக அடக்கம் 25 ரூபாய். விலை 60 ரூபாய். கடைகளில் வைக்கிறேன்; விற்ற பிறகு 30 சதவீதக் கமிஷன் போக 42 ரூபாய் தருகிறார்கள். மாதம் 500 போடுகிறேன். 8,500 ரூபாய் லாபம். கடைகளிலிருந்து 38,000 ரூபாய் வரவேண்டியிருக்கிறது. மணிக்குப் பத்து வீதம்தான் செய்ய முடிகிறது. 3 லட்சம் ரூபாய்க்கு நகைக்கடன் வாங்கி, மெழுகு உருக்கும் மெஷினும் வாங்கி, கோடை சீசனுக்குள் இங்கே குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் கடை பிடிக்கலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். உங்களுக்குக் குறை மெஷினில் இல்லை. அடக்கக் கணக்கிலும் வசூலிலும் இருக்கிறது.

25 ரூபாய் என்கிறீர்களே, அட்டைப்பெட்டியும் லேபிளும் எங்கே? அதற்கு 6 ரூபாய் போடுங்கள். கேஸ் செலவு, குளிரில் மெழுகு சட்டென்று இறுகி மேற்பரப்பு வெடித்துப்போவதை மறுபடி உருக்கும் செலவு, இரண்டுக்கும் சேர்த்து 2 ரூபாய். (ஊற்றுவதற்கு முன் அச்சைக் கொஞ்சம் சூடாக்கிப் பாருங்கள், பாதி வெடிப்பு குறையும்.) அடுத்தது நீங்கள். பட்டியலில் உங்கள் கூலி எங்குமே இல்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் அனுப்பும் கணக்குகளில் இந்த ஒரு வரி மட்டும் எப்படித்தான் தவறாமல் விட்டுப்போகிறதோ! மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றுக்கு 8 ரூபாய். ஆக அடக்கம் 41. கைக்கு வருவது 42.

அதாவது மாதம் 4,000 ரூபாய் கூலி, 500 ரூபாய் லாபம். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலே மாதம் 2,500 ரூபாய் போய்விடும். மிச்சம் 2,000 ரூபாயில் பெட்ஃபோர்டில் கடை வாடகை கட்ட முடியுமா? வாடகை பன்னிரண்டு மாதமும் வரும். கூட்டம் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு செப்டம்பர், அக்டோபரிலும்தான். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு.

மெஷின் பற்றி ஒன்றே ஒன்று. மாதம் 500 என்றால் 25 கிலோ மெழுகு. 10 கிலோ கொள்ளும் மெஷின் மாதத்தில் மூன்று முறை ஓடிவிட்டுச் சும்மா கிடக்கும். உங்கள் நேரத்தைத் தின்பது உருக்குவது அல்ல. திரி நறுக்குவதும் பெட்டியில் அடைப்பதும்தான்.

இப்போது அந்த 38,000. ஏறத்தாழ 900 மெழுகுவர்த்தி, கிட்டத்தட்ட இரண்டு மாத உழைப்பு, அடுத்தவர் அலமாரியில் இருக்கிறது. சோயா மெழுகில் வாசனை பிடிக்க இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டியிருப்பதால் அடுத்துச் செய்யும் சரக்கும் வீட்டில் முடங்குகிறது. மே மாதப் பழக்கண்காட்சிக் கூட்டத்துக்கு விற்க மார்ச்சில் மெழுகு வாங்குகிறீர்கள். பணம் ஜூலையில் வருகிறது. நடுவில் உங்கள் முதலீட்டை வைத்துத்தான் கடைக்காரர் கடை நடத்துகிறார், அதுவும் வட்டியில்லாமல்!

ஆகவே குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான ‘உத்யம்’ பதிவு செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், இணையத்தில் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும். ‘விற்றால் பணம்’ என்று கொடுத்தால் இதைக் காட்டிக் கேட்பது கடினம். கமிஷனை விட்டுவிட்டு, 45 ரூபாய்க்கு பில் போட்டு மொத்தமாகக் கொடுங்கள். ‘அப்படியானால் வேண்டாம்’ என்று இரண்டு கடைக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

எனக்குப் பிடித்தது உங்கள் டார்ட்தான். திரி கிடையாது, எந்தத் திரி சரியாக எரியும் என்று ஏற்றி ஏற்றிப் பார்க்கும் செலவும் கிடையாது. 25 கிராம் டார்ட்டுக்கு மெழுகு 7.50, வாசனை 10 சதவீதம் சேர்த்தாலும் 5 ரூபாய், பட்டர் பேப்பரும் லேபிளும் 2, கூலி 3. ஆறு கொண்ட கட்டுக்கு அடக்கம் 105 ரூபாய். இதைக் கடையில் வைக்காமல் தங்கும் விடுதிகளுக்குக் கொடுங்கள். பர்னரை ஒருமுறை வாங்கிய விடுதி, டார்ட்டை மாதாமாதம் வாங்கும். கட்டு 180 ரூபாய்க்குப் போனால் கூலி போக 75 ரூபாய் நிற்கும். வெளியூரில் இதை அடைத்து விற்கும் பிளாஸ்டிக் பெட்டி மட்டும் நம் மாவட்டத்தில் வேண்டவே வேண்டாம், அபராதம் கட்டுவீர்கள். தைல எண்ணெய் சேர்ப்பதானால் மெழுகு கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், காசு ஆவியாகப் போய்விடும்.

சீசனுக்கு முன் மெழுகு வாங்கப் பணம் போதவில்லை என்றால் உங்கள் வங்கியில், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ கடன் கேளுங்கள். 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லை. அதற்குமேல் உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது என்றால், அங்கே மெழுகு உருக்குவதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் தொழில் நடத்தினால் தீ விபத்தில் இழப்பீடு மறுக்க அது ஒரு காரணமாகிவிடும்.