சூரியனைத் துரத்தும் ஏவுகணை

வணக்கம் ஐயா,

1950களின் சைட்விண்டர் ஏவுகணையை எதிரி விமானத்தின் பின்னால் போய்த்தான் ஏவ முடியும் என்று எழுதியிருந்தீர்கள். வெப்பத்தைத் தேடுவதுதானே அதன் வேலை? அப்படியானால் அது சூரியனை நோக்கியல்லவா போக வேண்டும்? பாக்லாந்து போரில் பிரிட்டன் விமானிகள் எதிரே வந்த விமானங்களையே அதைக் கொண்டு வீழ்த்தினார்களாமே?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

சூரியனை நோக்கியும் போகும். ஏவுகணை இலக்கைப் பிடித்துவிட்டால் விமானியின் ஹெட்போனில் ஓர் உறுமல் கேட்கும். நீங்கள் சொல்லும் 1950களின் சைட்விண்டரான ஏஐஎம்-9பி மாடலில், சூரியனைப் பார்த்தாலும் அதே உறுமல்தான். வெயில் பட்டுப் பளீரென்றிருக்கும் மேகமும் தொல்லை கொடுக்கும். அதற்காகத்தான் உணர்கருவிக்கு முன்னால் கோடு போட்ட சின்னத் தட்டு ஒன்று சுழல்கிறது. எஞ்சின் போன்ற புள்ளி ஒளி அந்தக் கோடுகளில் வெட்டுப்பட்டு, விட்டுவிட்டு விழும். மேகமோ ஒரே சமயத்தில் பல கோடுகளின் மேல் பரவிக் கிடப்பதால் ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரியாது. சூரியன் வானத்தில் சிறிய வட்டம். அதனிடம் இந்த வித்தை சரியாகப் பலிக்காது.

பின்னால் போகவேண்டியிருந்ததற்குக் காரணம் வேறு. 9பி-யின் உணர்கருவி குளிரூட்டப்படாத காரீய சல்ஃபைடு. அது பார்ப்பது ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை. அங்கே பிரகாசமாகத் தெரிவது எஞ்சின் வாலுக்குள் பழுக்கக் காய்ந்த உலோகம். எதிரேயிருந்து பார்த்தால் விமானத்தின் உடலே அதை மறைத்துவிடும்.

வெளியேறும் புகையிலுள்ள கார்பன் டைஆக்சைடு எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்தான். ஆனால் அது ஒளிர்வது 4.3 மைக்ரானை ஒட்டி. அதைப் பார்க்க இண்டியம் ஆன்டிமனைடால் ஆன உணர்கருவி வேண்டும். சாதாரண வெப்பநிலையில் அது தன் சொந்தச் சூட்டின் இரைச்சலிலேயே இலக்கைத் தொலைத்துவிடும். ஆகவே பின்னால் வந்த 9எல் மாடலில், உள்ளேயே ஓர் ஆர்கான் குப்பி. உயர் அழுத்த வாயு ஊசித்துளை போன்ற வாய் வழியே விரிந்து, உணர்கருவியை ஏறக்குறைய மைனஸ் 185 டிகிரிக்குக் கொண்டுபோகும். வாயுவில் துளி ஈரம் இருந்தால் போதும், அந்த வாயில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். குளிர்ச்சி நின்று ஏவுகணை குருடாகிவிடும். ஆர்கானின் தூய்மையில் அவ்வளவு கறார் காட்டுவது அதனால்தான்.

1982 பாக்லாந்து போரில் பிரிட்டனின் சீ ஹாரியர் போர் விமானங்கள் சுமந்தது இந்த 9எல்-ஐத்தான். ஆனாலும் நீங்கள் கேள்விப்பட்ட கதை மிகை. அவை வீழ்த்திய அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக், டாகர் விமானங்களில் பெரும்பாலானவை பின்பக்கமாகவே அடிபட்டன. அர்ஜென்டினா விமானிகள் வந்தது கப்பல்களைத் தாக்க. திரும்பிப் போகவே எரிபொருள் இழுபறி. நின்று சண்டை போடாமல் வீடு நோக்கி ஓடுகிறவனை வேறு எந்தப் பக்கத்திலிருந்து அடிப்பது? அந்தச் சூழலில் 9பி-க்கும் நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.