குளித்து வந்ததும் தலை சுற்றுகிறதா? கேஸ் கீசரைப் பாருங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். அடிக்கடி கரண்ட் போவதால் போன மாதம் ஆறு லிட்டர் கேஸ் கீசர் வாங்கிக் குளியலறைச் சுவரில் மாட்டினோம். அறை ஆறடிக்கு ஐந்தடி, மேலே ஒரு சின்ன ஜன்னல். குளித்து வந்ததும் அம்மாவுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. மாட்டியவர், "கேஸ் கசியவில்லை, அம்மாவுக்கு பிரஷராக இருக்கும்" என்கிறார். கீசரை மாற்ற வேண்டுமா?

பதில்: கீசர் இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும். அதுவரை அதைப் பற்றவைக்காதீர்கள், அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டியவர் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்திருப்பார். அது சரியாகவே இருக்கலாம். கசிந்தால்கூட நாற்றம் காட்டிக்கொடுக்கும். நான் சந்தேகப்படுவது எரிந்த கேஸின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடை. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

இந்த அளவு கீசர் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ கேஸ் எரிக்கும். அடுப்பில் நாலைந்து பர்னர் சேர்ந்து எரிவதற்குச் சமம். 1 கிலோ எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் குளியலறை முழுவதும் சேர்த்தே 7 கன மீட்டர்தான் இருக்கும். கால் மணி நேரம் குளித்தால் அதில் பாதியை கீசரே எடுத்துக்கொள்கிறது. காற்று குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து விஷமாகிறது. வெந்நீர் தேடும் வாடைக்காற்று மாதங்களில்தான் நாம் ஜன்னலையும் சாத்துகிறோம்.

விற்பவர்கள் சொல்லும் சமாதானங்களை நம்பாதீர்கள். 20 நிமிட டைமர் இருக்கிறதாம். குழாயை மூடித் திறந்தால் அது மறுபடி முதலிலிருந்து ஓடும். சென்சார் இருக்கிறதாம். பெரும்பாலும் அது தீ அணைந்தால் கேஸை நிறுத்துவது, புகையை அறியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதுமாம். கீழே காற்று நுழைய வழியில்லாத அறையில் அந்த ஃபேன் கீசரின் புகையையே அறைக்குள் இழுத்துவிடும். விற்கிறவர் ஒருவர், மாட்டுகிறவர் ஒருவர், சிலிண்டர் தருகிறவர் ஒருவர். மாட்டிய இடம் சரியா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. இதற்குப் பொறுப்பாக ஒரு ஆளைக்கூட வைக்காதது அநியாயம்.

கீசரை வெளிச்சுவரில், மழையும் நேர்க்காற்றும் படாத தாழ்வாரத்தில் மாட்டுங்கள். வெந்நீர் மட்டும் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயில் உள்ளே வரட்டும். புகை வாய் எந்த ஜன்னலுக்குக் கீழும் இருக்கக் கூடாது. கீசருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர் வையுங்கள். சமையல் சிலிண்டரிலிருந்து 'டி' போட்டு இழுத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா கேஸ் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சுவருக்குள்ளும் போகக் கூடாது. ஐந்து வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

கொல்லையில் கூரையில்லாமல் ஓலைத் தட்டி மறைப்பில் குளிப்பவர்கள், திறந்த இடம்தானே, மாட்டலாமே என்று கேட்கிறார்கள். புகை தங்காது, உண்மை. ஆனால் கச்சான் காற்று அடிக்கும்போது தீ சாய்ந்து அணையும், அல்லது ஓலைப் பக்கம் திரும்பும். தட்டியில் மாட்டவே வேண்டாம். மறைப்பு சிமெண்ட் சுவராக இருந்து, இரண்டு பக்கம் திறந்து, கீசருக்கு மேலே மட்டும் ஒரு தகரம் இருந்தால் மாட்டலாம். நாளைக்கு அந்த மறைப்புக்கே கூரை போட்டால், அன்றைக்கே கீசரைக் கழற்றிவிட வேண்டும்.

உப்புக்காற்றில் பர்னர் துளைகள் துருவால் அடைபடும். தீ நீலமாக எரியாமல் மஞ்சளானாலோ, புகை வாயில் கரி படிந்தாலோ உடனே நிறுத்துங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வருடம் ஒருமுறை பர்னரையும் செம்புத் தகடுகளையும் சுத்தம் செய்ய வேண்டும். போர் தண்ணீர் என்றால் உள்ளே படிந்த உப்பையும் அப்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது "கேஸ் கீசர் புகை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இந்த விஷத்தில் 98, 99 என்று சாதாரணமாகவே காட்டும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும். கீசரை நிறுத்திச் சில மணி நேரம் ஆகிவிட்டால் அந்த அளவும் இறங்கிவிடும். அதனால் எப்போது, எவ்வளவு நேரம் குளித்தார் என்பதையும் சொல்லுங்கள். இனி யாராவது உள்ளே மயங்கினால் கதவை உடைத்து முதலில் வெளியே தூக்குங்கள், கீசரை அணைப்பது அடுத்த வேலை.