விண்டோஸ் 10 லேப்டாப்பை மாற்றியே ஆக வேண்டுமா?

கேள்வி: 2017-இல் வாங்கிய லேப்டாப். ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஆன் செய்தால் வேலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகிறது. "விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். பையனின் பாடம், கரண்ட் பில், பேங்க் வேலை, கொஞ்சம் தமிழ் டைப்பிங், இவ்வளவுதான் பயன்பாடு. என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. அதனால் கணினி நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்தான் வராது. பேங்க் வேலை பார்க்கும் கணினிக்கு அது சின்ன விஷயமில்லை.

விண்டோஸ் 11-க்குப் போக முடியுமா? செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் பகுதியைத் திறந்து பிராசசர் பெயரைப் பாருங்கள். ஐ3-6006யு என்பதுபோல் இருந்தால், கோடுக்குப் பின் வரும் 6 என்பதுதான் தலைமுறை. இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏறும்தான். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பேங்க் வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது, வீட்டுப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம். 2026 அக்டோபர் 13 வரை இது உண்டு. அதே அபௌட் பகுதியில் வெர்ஷன் 22எச்2 என்று இருக்க வேண்டும். பழையதாக இருந்தால் முதலில் அதுவரை அப்டேட் செய்யுங்கள். பிறகு அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் என்று போனால் 'என்ரோல் நவ்' என்ற இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கட்டாயம்; லோக்கல் அக்கவுண்ட் மட்டும் போதாது. காசு கட்டும் வழியும் இருக்கிறது. ஆனால் செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் இலவசம். படங்களையும் கோப்புகளையும் சேர்த்து ஏற்ற வேண்டியதில்லை. ஏற்றினால் ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி சட்டென்று நிரம்பி, இடம் வாங்கு என்று தொல்லை கொடுக்கும்.

அதற்கப்புறம்? லினக்ஸ் மின்ட். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் இது. பென்டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். பிரௌசரில் செய்யும் வேலைகள் அப்படியே நடக்கும், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள் வேண்டுமென்றால்தான் சிக்கல்.

சரி, அந்த ஐந்து நிமிடம். அதற்கும் விண்டோஸ் 10 முடிந்ததற்கும் சம்பந்தமே இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிறிதாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்திலேயே நின்றால், திணறுவது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) போடச் சொல்லுங்கள். முடிந்தால் ராமையும் 8 ஜிபி ஆக்குங்கள். உள்ளதை உள்ளபடி புதிய டிஸ்க்குக்கு குளோன் செய்து தருவார்கள். அதற்கு முன் முக்கியமான கோப்புகளைத் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்குங்கள். உங்கள் படங்களும் பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இன்னும் அதில்தான் இருக்கின்றன.