பராமரிப்பவருக்கான இடைக்கால ஓய்வு என்றால் என்ன?

மாற்றுத்திறனாளி ஒருவரை வீட்டில் முழுநேரமும் கவனித்துக்கொள்பவர் சில மணி நேரமோ சில நாட்களோ ஓய்வெடுப்பதற்காக, அந்தப் பொறுப்பைப் பயிற்சி பெற்ற வேறொருவர் தற்காலிகமாக ஏற்பதையே ‘ரெஸ்பைட் கேர்’ என்கிறார்கள். உதவியாளர் வீட்டுக்கு வரலாம். அல்லது பராமரிக்கப்படுபவர் ஓர் இல்லத்தில் குறுகிய காலம் தங்கலாம்.

தானாகப் புரண்டு படுக்க முடியாத மகனுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க, இரவிலும் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவனைத் திருப்பிப் படுக்கவைக்கும் தாய்க்கு, ஆண்டுக்கணக்கில் தொடர்ச்சியான உறக்கமே வாய்ப்பதில்லை. தம் முதுகுவலியைக்கூட அவர் மருத்துவரிடம் காட்டுவதில்லை. அந்த ஒரு மணி நேரம் அவனருகில் இருக்க ஆளில்லை என்பதே காரணம். ஆலையில் இயந்திரம் நிற்காமல் ஓடினாலும் ஷிப்ட் முடிந்ததும் தொழிலாளி மாறுகிறார். வீட்டிலோ மாற்றுவதற்கு ஆளே இருப்பதில்லை. இதைக் குடும்பத்தின் சொந்தப் பிரச்சினை என்று சமூகம் ஒதுங்கிக்கொள்வது நியாயமன்று.

இந்தியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ‘சமர்த்’ என்ற பெயரில் இத்தகைய தங்கும் திட்டத்தை வகுத்தது. அதிக உதவி தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் உதவித்தொகையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடுகிறது.

முதல்முறை ஓரிரு மணி நேரத்துடன் தொடங்குவது நல்லது. உணவை எவ்வளவு குழைத்து ஊட்ட வேண்டும், எந்தச் சத்தத்துக்கு மிரள்வார், மருந்து வேளைகள் எவை என்பவற்றை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இது பிள்ளையை விடுதியில் தள்ளிவிடுவதாகாது. குறித்த நாளில் அவர் வீடு திரும்புவதும், அவரைப் பற்றிய முடிவுகள் குடும்பத்திடமே இருப்பதும் இந்த ஏற்பாட்டின் அடிப்படை.