அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுபவர்தான் ரன்னிங் பேக். கல்லூரியில் கலக்கும் ரன்னிங் பேக்கை, தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் டிராஃப்ட்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுக்கத் தயங்குவது ஏன்?

முதல் காரணம் உடம்பு. பந்து கைக்கு வந்த நொடியிலிருந்து எல்லோரும் இவர்மேல்தான் வந்து மோதுகிறார்கள், அந்த அடி கல்லூரியிலேயே சேர ஆரம்பித்துவிடுகிறது, அதனால் முப்பதைத் தொடும் முன்பே வேகம் குறைந்துவிடும் என்று அணிகள் கணக்குப் போடுகின்றன. அப்புறம், நல்ல ரன்னிங் பேக் இரண்டாம், மூன்றாம் சுற்றிலும் கிடைப்பார். 2022, 2024 டிராஃப்ட்களில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கூடப் போகவில்லை.

ஆனால் ஆஷ்டன் ஜென்ட்டியைப் பாருங்கள். பாய்ஸி ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்காக 2024 சீசனில் 2,601 யார்டு ஓடினார், கல்லூரி ஆட்டத்தில் ஒரே சீசனில் அதிக யார்டு ஓடிய பேரி சாண்டர்ஸின் 1988 சாதனைக்கு வெறும் 27 யார்டுதான் குறைவு! உயரம் ஆறடிகூட இல்லை, ஆனால் ஒருவர் பிடித்தால் விழமாட்டார். அதைவிட முக்கியம், 2023இல் 43 பாஸ் (எறியப்படும் பந்து) பிடித்தவர். ஓட மட்டுமே தெரிந்தவருக்கு மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது, பெரும்பாலும் பாஸ் எறியும் நேரம்) வேலை இல்லை. பாஸ் பிடிக்கவும் வேண்டும், பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவரைத் தடுக்கவும் வேண்டும்.

2025இல் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அவரை 6ஆவதாக எடுத்தது. முந்தைய சீசனில் என்எஃப்எல் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடி ஈகிள்ஸ் அணியுடன் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் வென்றது அணிகளின் மனதைக் கொஞ்சம் மாற்றியிருக்கும் என்றே நினைக்கிறேன்.